பீட்டா செல்லுக்குள் எட்டு நாள்

புறப்படும் முன்

பள்ளிப் புத்தகத்தில் செல் என்றால் ஆஃப்பாயில் மாதிரி ஒரு படம் இருக்கும். நடுவில் மஞ்சள் கரு, சுற்றிலும் சிதறிய பொட்டுகள், ஒவ்வொரு பொட்டிலிருந்தும் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு பெயர். பெயர்கள் மனப்பாடமாகிவிடும். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எங்கிருந்து எங்கே சரக்கு போகிறது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடாது. புது ஊரைப் பழகுவதற்கு அங்கே சரக்கு ஏற்றும் லாரியில் தொற்றிக்கொண்டு போவது நல்ல வழி. இந்தத் தொடரில் நாம் பின்தொடரும் சரக்கு இன்சுலின். ஊர், மனிதக் கணையத்தில் இருக்கும் ஒரு பீட்டா செல்.

அளவுகோலை இப்போதே சொல்லிவிடுகிறோம். எல்லாவற்றையும் 1 கோடி மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். 1 நானோமீட்டர் 1 சென்டிமீட்டர் ஆகிவிடும். 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள செல் 100 மீட்டர் உருண்டையாக நிற்கும். உள்ளே உட்கரு 60 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இன்சுலின் மூலக்கூறு ஒரு நெல்லிக்காய், குளுக்கோஸ் ஒரு கொண்டைக்கடலை, தண்ணீர் மூலக்கூறு கடுகைவிடச் சற்றுப் பெரிது. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு இந்த அளவுகோலில் 2 மீட்டருக்குள் நெருங்கி நிற்கும் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கலங்கித்தான் தெரியும். இனி பார்க்கப்போவதில் பெரும்பகுதி எலக்ட்ரான் நுண்ணோக்கியும் எக்ஸ்-கதிர் படிகவியலும் காட்டிக் கொடுத்தவை.

நேரத்தை நீட்டவில்லை. மரபணுவில் கிளம்பும் செய்தி, பொதியில் அடைத்த இன்சுலினாக மாற உண்மையில் இரண்டு மூன்று மணி நேரம் போதும். நாம்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு எட்டு நாள் எடுத்துக்கொள்கிறோம்.

நாள் 1: ஐந்து சென்டிமீட்டர் சுவர்

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரக்கும் திசு. அதனிடையே தனித்தனித் தீவுகளாகக் கிடப்பவை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். சுமார் 10 லட்சம் திட்டுகள் இருந்தும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். 1869-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை முதலில் விவரித்தார். எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. நம் அளவில் ஒரு திட்டு ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம். இரத்தத் தந்துகிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் எந்த பீட்டா செல்லுக்கும் இரத்தம் எட்டும் தூரம்தான்.

செல்லை மூடியிருப்பது பிளாஸ்மா சவ்வு. 100 மீட்டர் கட்டடத்துக்கு 5 செ.மீ. தடிமனில் சுவர். வெளியே நீட்டும் புரதங்களையும் சேர்த்தால் 7, 8 செ.மீ. வரும். சுவர் என்று சொன்னாலும் அது எண்ணெய்ப் படலம் போன்ற திரவம். இரண்டு அடுக்குக் கொழுப்பு. ஒவ்வொரு மூலக்கூறும் தன் அடுக்குக்குள் இஷ்டப்படி வழுக்கிக்கொண்டே இருக்கும், ஆனால் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தானாகக் குதிப்பது அபூர்வம். இரண்டு அடுக்கு என்பதை 1925-இல் கோர்ட்டரும் கிரெண்டலும் சொன்னார்கள். சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர்மேல் பரப்பினால் செல்லின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. பிற்பாடு சரிபார்த்தபோது அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரிக்கவில்லை, செல்லின் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விடை சரியாக வந்துவிட்டது.

சவ்வின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. டார்ச் பேட்டரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லைதான். ஆனால் அந்த மின்னழுத்தம் தாங்கி நிற்கும் தடிமன் உண்மையில் 5 நானோமீட்டர். மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட் என்ற கணக்கு வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் வேண்டியிருக்கும்.

கொண்டைக்கடலை அளவுள்ள குளுக்கோஸ் இந்தக் கொழுப்பைத் தாண்ட முடியாது. குளுட் என்ற கடத்திப் புரதம் வேண்டும். இது திறந்து கிடக்கும் சுரங்கம் அல்ல. வெளிப்பக்கம் வாயைத் திறந்து ஒரு குளுக்கோஸைக் கவ்வி, வெளிவாயை மூடிய பிறகு உள்வாயைத் திறக்கும். எலியின் பீட்டா செல்லில் இருப்பது குளுட்-2, மனிதரிடம் பெரும்பாலும் குளுட்-1. எலியில் செய்த சோதனையை அப்படியே மனிதருக்குப் பொருத்தினால் சறுக்கும் இடங்களில் இது ஒன்று.

நாள் 2: நெரிசல்

உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசத்தைப் படத்தில் வெற்றிடமாக விட்டிருப்பார்கள். நிஜத்தில் தைப்பூசத்துப் பழனி அடிவாரம். ஒரு மில்லிலிட்டரில் 200 முதல் 300 மில்லிகிராம் புரதம் கரைந்திருக்கிறது. எல்லாம் வெப்பத்தால் இடைவிடாமல் அதிர்ந்து, முட்டி மோதிக்கொண்டிருக்கும். இந்தக் கூட்டத்திலும் குளுக்கோஸ் மாதிரிச் சின்னப் பொருள், செல்லின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் போய்விடும். பெரிய பொருள் மாட்டிக்கொள்ளும். செல்லுக்குச் சாலையும் வண்டியும் ஏன் தேவைப்படுகின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

உள்ளே வந்த குளுக்கோஸை முதலில் பிடிப்பது குளுக்கோகைனேஸ் என்ற நொதி. இதுதான் செல்லின் சர்க்கரை மீட்டர். இதே வேலையைச் செய்யும் மற்ற நொதிகள் சர்க்கரை கொஞ்சம் இருந்தாலே முழு வேகத்துக்குப் போய்விடும். குளுக்கோகைனேஸ் பாதி வேகத்தைத் தொடவே 100 மி.லி.க்குச் சுமார் 145 மி.கி. சர்க்கரை வேண்டும். ஆகவே 90-க்கும் 180-க்கும் நடுவில் சர்க்கரை ஏற ஏற இதன் வேகமும் கூடவே ஏறும். இதன் மரபணுவில் ஒரு பிரதி பழுதானால் மீட்டர் கொஞ்சம் தள்ளி நிற்கும்: வெறும் வயிற்றில் சர்க்கரை பிறந்ததிலிருந்தே லேசாக உயர்ந்து, வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். மோடி-2 என்று பெயர். பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படாத சர்க்கரை நோய் இது. தெரியாமல் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு, எண் அசையாது.

இங்கிருந்து பத்துப் படிகளில் குளுக்கோஸ் உடைந்து இரண்டு பைருவேட் ஆகிறது. மிஞ்சும் லாபம் இரண்டு ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம். பைருவேட்டை 7-ஆம் நாள் சந்திப்போம்.

நாள் 3: உட்கரு

இரட்டைச் சவ்வு போட்ட உருண்டை. அதில் ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள, எட்டு இதழ் கொண்ட கட்டுமானம். சுமார் 30 வகைப் புரதங்களால் ஆனது. நடுவில் வழி இருக்கிறது, ஆனால் மடிப்பில்லாத புரத நார்கள் அதற்குள் சடையாகத் தொங்கும். சின்னப் பொருள்கள் நழுவிப் போகலாம். பெரியவை, அந்த நார்களோடு ஒட்டி ஒட்டி விலகத் தெரிந்த துணைப் புரதம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

உள்ளே டிஎன்ஏ. நம் அளவில் 2 செ.மீ. தடிமனுள்ள கயிறு, மொத்த நீளம் 20,000 கி.மீ. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் பதினான்கு தடவை போய்வரும் தூரத்தை 60 மீட்டர் உருண்டைக்குள் அடைத்திருக்கிறார்கள். அடைக்கும் தந்திரம் ஹிஸ்டோன் உருளைகள்: ஒவ்வொன்றிலும் 147 எழுத்து நீளம் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். ஏறத்தாழ 3 கோடி உருளைகள்.

இன்சுலின் மரபணு 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை நுனியருகே இருக்கிறது. சுமார் 1,400 எழுத்து. இது தோல் செல்லிலும் உண்டு, நரம்புச் செல்லிலும் உண்டு. அங்கெல்லாம் சுருட்டி மூடியே கிடக்கும். பீட்டா செல்லில் பிடிஎக்ஸ்-1 போன்ற புரதங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கின்றன. நகல் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுத்த நகலில் புரதத்துக்கு வேண்டாத இரண்டு இடைத்துண்டுகளை (இன்ட்ரான்கள்) வெட்டி, மிச்சத்தை ஒட்டி, தலைக்கு ஒரு தொப்பியும் வாலுக்கு அடினின் சரமும் போட்ட பிறகுதான் துளை வழியாக விடுவார்கள். தொப்பி இல்லாவிட்டால் வெளியே புரதம் கோக்கும் ரைபோசோம் எடுத்துக்கொள்ளாது. வால் தேய்ந்தால் ஆயுள் குறையும். இன்சுலினின் இந்த நகல், அதாவது தூது ஆர்என்ஏ, நீண்ட ஆயுள் கொண்டது. சாப்பிட்ட உடனே இன்சுலின் உற்பத்தி எகிறுவது புது நகல்களால் அல்ல, ஏற்கெனவே இருக்கும் நகல்களை வேகமாகப் படிப்பதால்.

உட்கருவுக்குள்ளேயே நியூக்ளியோலஸ் என்று ஒரு கறுத்த திரள் உண்டு. அதற்குச் சவ்வு கிடையாது. ரைபோசோமின் இரண்டு துண்டுகளும் அங்கே கட்டப்பட்டு, தனித்தனியாக வெளியே போய், வேலை நேரத்தில் மட்டும் சேர்ந்துகொள்ளும்.

நாள் 4: ரைபோசோமும் எண்டோபிளாச வலையும்

இன்று பதிவு நீளும். இந்தச் செல்லில் விபத்து அதிகம் நடக்கும் இடம் இது.

ரைபோசோம் நம் அளவில் 25, 30 செ.மீ.; ஒரு குடம். சின்னத் துண்டு செய்தியைப் படிக்கும், பெரிய துண்டு அமினோ அமிலங்களைக் கோக்கும். பாக்டீரியா ரைபோசோமின் சின்னத் துண்டை அணு அணுவாகத் தெளிவாக்கி 2000-இல் வெளியிட்ட குழு, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுடையது. 2009-இல் ஸ்டைட்ஸ், யோனத் இருவருடன் அவருக்கு நோபல் பரிசு. நம் செல்களில் கோக்கும் வேகம் வினாடிக்கு ஐந்து அமினோ அமிலம் அளவில் இருக்கும். இன்சுலினின் முதல் வடிவம் 110 அமினோ அமிலம். இருபது வினாடி வேலை.

முதல் 24 அமினோ அமிலங்கள் முகவரிச் சீட்டு. அது ரைபோசோமிலிருந்து தலையை நீட்டியதும் ‘சிக்னல் அறியும் துகள்’ வந்து பிடித்துக்கொள்ளும். கோப்பது சற்று நிற்கும். பிடித்தபடியே ரைபோசோமை, பைகளும் குழாய்களுமாகப் பின்னிய எண்டோபிளாச வலையின் சவ்வுக்கு இழுத்துப்போய், செக்-61 என்ற வாய்க்காலின் மேல் உட்காரவைத்துவிட்டு விலகும். பிறகு கோக்கும் சரம் நேரே வலைக்குள் இறங்கும். வலையை ‘சொரசொரப்பானது’ என்று படத்தில் எழுதியிருப்பது இப்படி வந்து உட்கார்ந்த ரைபோசோம்களால்தான். அவை நிரந்தரமாக அங்கே பதித்தவை அல்ல. முகவரி சரத்திலேயே எழுதியிருக்கிறது என்ற இந்தக் கருத்துக்காக குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் கிடைத்தது. சீட்டை ஒரு நொதி உள்ளேயே வெட்டி எறிந்துவிடும். மிச்சம் 86. இதற்குப் புரோஇன்சுலின் என்று பெயர்.

அடுத்து மடிப்பு. சரத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆறு இடங்களில் உள்ளது. இரண்டிரண்டாகக் கைகோத்து மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் ஆகவேண்டும். ஆறு பேரை மூன்று ஜோடியாக்க 15 வழி உண்டு. ஒரே ஒரு வழிதான் இன்சுலின். தப்பாகச் சேர்ந்த கைகளைப் பிரித்து மறுபடி சேர்த்துவிட புரத டைசல்ஃபைடு ஐசோமரேஸ் என்று ஒரு நொதி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். சரத்தின் நடுவில் இருக்கும் சி-பெப்டைடு என்ற துண்டு ஒரு கீல் போல மடிந்து இரு முனைகளையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. இன்சுலினில் சேர்ந்திருக்கும் ஏ, பி என இரு சங்கிலிகளையும் குடுவையில் தனித்தனியே போட்டுக் கலக்கினால் சரியான இன்சுலின் குறைவாகவே கிடைத்ததற்குக் காரணம், அந்தக் கீல் இல்லாமை. 1967-இல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டெய்னர் புரோஇன்சுலினைக் கண்டுபிடித்த பிறகே இது விளங்கியது.

சர்க்கரை ஏறியிருக்கும்போது ஒரு பீட்டா செல் நிமிடத்துக்கு 10 லட்சம் மூலக்கூறு வரை செய்யும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனையும் ஒரே தடவையில் சரியாக மடியுமா? மடியாதவற்றை வலை வெளியே தள்ளும்; புரோட்டியசோம் என்ற பீப்பாய் அவற்றை நறுக்கிவிடும். தேக்கம் கூடினால் பெர்க் என்ற காவல் புரதம் ரைபோசோம்களுக்கு ‘கொஞ்சம் நிறுத்து’ என்று சொல்லும். பெர்க் பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு வால்காட்-ராலிசன் நோய்; கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோய் வந்துவிடும். வலையில் நிறுத்தச் சொல்ல ஆள் இல்லாமல் போனால் முதலில் சாகும் செல்களில் பீட்டா செல்லும் ஒன்று.

இன்னொரு உதாரணம் அகிடா எலி. இன்சுலினின் 96-ஆம் இடத்து சிஸ்டீன் டைரோசினாக மாறிய எலி. ஒரு கைக்கு ஜோடி இல்லை. மரபணுவின் மற்றப் பிரதி நன்றாகவே இருக்கிறது, பாதி இன்சுலினாவது வரவேண்டும்தானே? வராது. ஜோடியில்லாத கை நல்ல மூலக்கூறுகளையும் பிடித்து இழுத்துவைத்துக்கொள்ளும்; வலை வீங்கிச் செல் மடியும். மனிதக் குழந்தைகளிலும் இதே வகைப் பழுதால் பிறந்த சில மாதங்களில் நிரந்தரச் சர்க்கரை நோய் வருகிறது.

சரியாக மடிந்தவை, 60 முதல் 80 செ.மீ. குமிழிகளில் ஏறி அடுத்த ஊருக்குக் கிளம்புகின்றன. ரைபோசோமிலிருந்து கோல்கை வரை மொத்தம் இருபது நிமிடப் பயணம்.

நாள் 5: கோல்கையில் பிரிப்பு, பொதியில் வெட்டு

கமில்லோ கோல்கை 1898-இல் ஆந்தையின் மூளைச் செல்களை வெள்ளி உப்பால் சாயமேற்றிப் பார்த்தபோது தெரிந்த வலை இது. ஐம்பது வருடம் ‘அது சாயத்தின் கறை’ என்று ஒரு கூட்டம் அடித்துச் சொன்னது. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து வாயை அடைத்தது. அடுக்கிவைத்த ஊத்தப்பம் போல நாலு முதல் எட்டுத் தட்டைப் பைகள். ஒரு முகத்தில் சரக்கு வரும், மறுமுகத்தில் போகும்.

கோல்கை புரதங்களுக்குச் சர்க்கரைச் சங்கிலி ஒட்டும் இடம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். உண்மைதான், ஆனால் நம் புரோஇன்சுலினுக்கு அங்கே ஒரு சர்க்கரைகூட ஒட்டுவதில்லை. அதற்கு கோல்கையில் வேலை வேறு: துத்தநாகத்தோடு ஆறாறாகக் கூடுவது, கடைசிப் பையில் மற்றச் சரக்கிலிருந்து பிரிந்து தனிப் பொதியாக அடைபடுவது. செல்லின் குப்பையைச் சிதைக்கும் பையான லைசோசோமுக்குப் போகவேண்டிய நொதிகளுக்கு மேனோஸ்-6-பாஸ்பேட் முத்திரை; அது இருந்தால் அந்தப் பக்கம். முத்திரை குத்தும் நொதி பழுதானால் லைசோசோம் நொதிகள் செல்லுக்கு வெளியே கொட்டிவிடும், லைசோசோம்களில் குப்பை தேங்கும். ஐ-செல் நோய் என்பது அதுதான்.

பொதி பிரிந்ததும் அதன் சவ்வில் உள்ள பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறைக்கத் தொடங்கும். அமிலம் ஏறி பிஎச் 5.5 வரை இறங்கும். அந்த அமிலத்தில்தான் வெட்டும் நொதிகள் விழிக்கும். கணக்கைக் கவனியுங்கள். புரோஇன்சுலின் 86. பி-சங்கிலி 30, பிறகு வெட்டுக்குறியாக இரண்டு, சி-பெப்டைடு 31, மறுபடி வெட்டுக்குறி இரண்டு, ஏ-சங்கிலி 21. புரோஹார்மோன் கன்வெர்ட்டேஸ் நொதிகள் இரு குறிகளிலும் வெட்டும். நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெட்டுக்குறிகளை கார்பாக்சிபெப்டிடேஸ்-ஈ தின்றுவிடும். 4 போனது. மிச்சம் 51-இல் இன்சுலின், 31-இல் சி-பெப்டைடு.

புரோஇன்சுலின் கரையும், இன்சுலின் அந்த அமிலத்தில் கரையாது. மின்னூட்டம் சமனாகும் புள்ளி பிஎச் 5.4 அருகே இருப்பதால், வெட்டுப்பட்டதும் ஆறு இன்சுலினுக்கு இரண்டு துத்தநாகம் என்ற கணக்கில் கூடிப் படிகமாக உறைந்துவிடும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் வெள்ளை வளையத்துக்கு நடுவே கறுப்புக் கட்டி தெரியும். பீட்டா செல்லை அடையாளம் காண அந்த ஒரு காட்சி போதும். 3 மீட்டர் பொதி ஒன்றில் ஏறத்தாழ 2 லட்சம் மூலக்கூறு. செல்லில் கிட்டத்தட்ட 10,000 பொதி.

கணையத்தில் இவ்வளவு துத்தநாகம் வேறெங்கும் இல்லாததால் ஆய்வகத்தில் ஒரு வசதி. மாற்று சிகிச்சைக்குத் திட்டுகளைப் பிரித்தெடுப்பவர்கள் டைதைசோன் என்ற சாயத்தில் ஒரு துளி விடுவார்கள். திட்டுகள் இரத்தச் சிவப்பாகும், மற்றத் திசு நிறமின்றி நிற்கும். சிவந்தவற்றை எண்ணிக்கொள்ளலாம்.

பொதி முதிர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வெட்டி முடியாத பொதிகளும் வெளியே போவதால் இரத்தத்தில் புரோஇன்சுலின் விகிதம் கூடியிருக்கும்.

நாள் 6: செங்காந்தளும் சாலையும்

சாலை என்பது நுண்குழல். 25 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய் மாதிரி. 13 இழைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தது. அதன்மேல் கைனசின் என்ற மோட்டார் புரதம் பொதியைச் சுமந்து நடக்கும். ஓர் அடி 8 செ.மீ., அடிக்கு ஒரு ஏடிபி. வினாடிக்கு நூறு அடிவரை வைக்கும். எதிர்த்திசையில் இழுப்பதற்கு டைனின். புத்தகப்படி நுண்குழல்கள் சென்ட்ரோசோமிலிருந்து கிளம்பிச் சூரியக் கதிர் போல விரியும். பீட்டா செல்லில் பெரும்பாலானவை கோல்கையிலிருந்தே முளைத்து, ஒழுங்கில்லாத புதர்போல் பின்னிக் கிடக்கும்.

நுண்குழலைக் குலைக்கும் கால்ச்சிசின், நம்மூர் செங்காந்தளில் இருக்கிறது. கண்வலிக் கிழங்கு என்று தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் கட்டிப் பயிரிட்டு விதையை விற்பது அந்த மருந்துக்காகவே. நுண்குழலைக் கட்டும் டியூபுலின் என்ற புரதக் கற்களைக் கால்ச்சிசின் பிடித்துக்கொள்ளும், குழல் எழும்பாது. இதனால்தான் கிழங்கைத் தின்றவருக்கு வேகமாகப் பிரியும் செல்களுள்ள குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் அடிபடுகின்றன. 1968-இல் பால் லேசியின் குழு, கால்ச்சிசின் கொடுத்த எலித் திட்டுகளில் இன்சுலின் சுரப்பு குறைவதைக் காட்டியது. சாலை இல்லை, சரக்கு இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2015-இல் வேறொரு குழு நுண்குழல்களைக் குலைத்தபோது, குளுக்கோஸ் கொடுத்ததும் சுரப்பு கூடியது. புதர் பொதிகளை விளிம்புக்குப் போகவிடாமல் பிடித்தும் வைக்கிறது என்பது அவர்கள் வாதம். இரண்டுமே சரியாக இருக்கலாம்: நெடுநேரத்துக்குப் புதுச் சரக்கு வர சாலை வேண்டும், அவசரத்துக்கு வேலி கொஞ்சம் விலகவேண்டும்.

பெரும்பாலான பொதிகள் போகாமல் காத்துக்கிடப்பவை. முழு வீச்சில் சுரந்தாலும் மணிக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் வெளியேறும். அதிலும் புதுப் பொதிக்கே முன்னுரிமை. மூன்று நான்கு நாள் தேங்கிய பழைய சரக்கை லைசோசோம் எடுத்துக்கொள்ளும். பிஎச் 4.5 முதல் 5 வரை அமிலமுள்ள பை, சுமார் 60 வகைச் சிதைக்கும் நொதிகள். கிறிஸ்டியன் டி டூவ் 1955-இல் பெயர் வைத்தார். பை கிழிந்தால் செல்லே கரைந்துவிடும் என்று பயமுறுத்துவதுண்டு. ஓரிரண்டு கிழிந்தால் ஒன்றும் ஆகாது; வெளியே பிஎச் 7.2, அந்த நொதிகளில் பல அங்கே வேலை செய்யாமல் சோர்ந்துவிடும்.

பெராக்சிசோமையும் இன்றே பார்த்துவிடலாம். மற்றச் செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்கும் கேட்டலேஸ் அங்கே நிறைந்திருக்கும். பீட்டா செல்லில் அது மிகக் குறைவு. ஆகவே ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தாங்கும் சக்தியும் குறைவு.

நாள் 7: மைட்டோகாண்ட்ரியா

2-ஆம் நாள் விட்டுவந்த பைருவேட் இங்கே வருகிறது. பல செல்கள் பைருவேட்டில் ஒரு பகுதியை லாக்டேட்டாக்கி வெளியே தள்ளும். பீட்டா செல்லில் அந்த நொதியும் குறைவு, லாக்டேட் கடத்தியும் குறைவு. வந்த சர்க்கரை முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவுக்கே போயாகவேண்டும். உழைத்தவர் இரத்தத்தில் ஏறும் லாக்டேட்டைப் பார்த்துச் செல் ஏமாந்து இன்சுலின் விடாமலிருப்பதும் இதனால்தான்.

நம் அளவில் 5 மீட்டர் தடிமனுள்ள நீண்ட குழாய்கள். அவரைக்காய் வடிவில் தனித்தனியாகக் கிடப்பதாக நினைக்கவேண்டாம், ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் கொண்டேயிருக்கும். உள்சவ்வு மடிப்பு மடிப்பாக இருக்கும். அதில் எலக்ட்ரான்கள் கைமாறும்போது ஹைட்ரஜன் அயனிகள் வெளியே இறைக்கப்படும். அவை திரும்பி விழும் மதகில் ஏடிபி சிந்தேஸ் சுழலும். பாலூட்டிகளில் அதன் சக்கரத்துக்கு எட்டுப் பல். எட்டு அயனி விழுந்தால் ஒரு சுற்று, சுற்றுக்கு மூன்று ஏடிபி. மேட்டூர் அணையின் டர்பைன்தான், 10 செ.மீ. தலையோடு.

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டிஎன்ஏ உண்டு: 16,569 எழுத்து, 37 மரபணு. தாயிடமிருந்து மட்டும் வரும். 3243-ஆம் எழுத்து ‘ஏ’ என்பது ‘ஜி’ ஆனால் சர்க்கரை நோயும் காது மந்தமும் சேர்ந்து வரும். தாய்வழியில் பலருக்குச் சர்க்கரை, கூடவே நடுவயதில் காது கேளாமை என்றால் இதைச் சந்தேகிக்கவேண்டும். அவர்களுக்கு மெட்ஃபார்மினைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். லாக்டேட் தேங்கும் அபாயம்.

நாள் 8: வாசல்

ஏடிபி கூடிய செய்தி சவ்வுக்கு எட்டுகிறது. அங்கே பொட்டாசியம் வாய்க்கால்கள் திறந்தபடி இருந்ததால்தான் முதல் நாள் பார்த்த 70 மில்லிவோல்ட் நிலைத்திருந்தது. நாலு துண்டு வாய்க்கால், சுற்றி நாலு துண்டு உணரி. ஏடிபி ஒட்டினால் மூடும். மூடியதும் மின்னழுத்தம் சரியும், கால்சிய வாய்க்கால்கள் திறக்கும். வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு. மடை திறந்தாற்போல் பாயும்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரைகள் பிடிப்பது அந்த உணரியைத்தான். ஏடிபி வந்ததா இல்லையா என்று கேட்காமல் வாய்க்காலை மூடிவிடும். சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதற்குக் காரணம் இதுவே. இதே வாய்க்கால் மூடமுடியாமல் பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 2004-இல் அந்தப் பழுது தெரிந்த பிறகு, அவர்களில் பலர் ஊசியை விட்டு கிளிபென்கிளமைடு மாத்திரைக்கு மாற முடிந்தது. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் கண்டால் மரபணுச் சோதனை செய்யவேண்டும் என்று வழிகாட்டுதல்கள் வலியுறுத்துவது இதற்காக.

பொதியிலிருந்து ஒரு புரதம், சவ்விலிருந்து இரண்டு. நான்கு சுருள்கள் ஜிப் போல முறுக்கிக்கொண்டு இரண்டு சவ்வுகளையும் நெருக்கும். கால்சியம் வந்ததும் இணையும். ஸ்னேர் என்று பெயர். ராத்மேன், ஷெக்மேன், சுட்ஹாஃப் மூவருக்கும் 2013 நோபல், இத்தகைய குமிழிப் போக்குவரத்தை விளக்கியதற்கு. வாசலிலேயே தயாராக நின்ற பொதிகள் முதல் பத்து நிமிடத்தில் போய்விடும். பின்னாலிருந்து வருபவை மெதுவாக, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக. இரண்டாம் வகை சர்க்கரை நோயில் முதலில் தொலைவது அந்தப் பத்து நிமிடம்.

வெளியே பிஎச் 7.4. துத்தநாகம் கழன்று, ஆறு பேர் கூட்டம் கலைந்து, ஒற்றை இன்சுலின்களாகத் தந்துகிக்குள் போகும். ஊசியில் போடும் சாதாரண இன்சுலினும் இதே ஆறு பேர் கூட்டம்தான். தோலுக்கடியில் கலைய நேரமெடுப்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போடச் சொல்கிறார்கள். நம் இன்சுலினில் பாதி கல்லீரலிலேயே நின்றுவிடும், மிச்சம் சில நிமிடங்களில் மறையும். கூடவே சரிசமமாக வெளியேறிய சி-பெப்டைடைக் கல்லீரல் தொடுவதில்லை, அரை மணி போலத் தங்கும். ஊசி போடுகிறவர் உடம்பில் சொந்த இன்சுலின் எவ்வளவு வருகிறது என்று பார்க்க சி-பெப்டைடை அளப்பது அதனால்தான். ஊசி மருந்தில் அது இருக்காது.

காலியான பொதியின் உறை வாசலிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் அளவில் ஒவ்வொன்றும் 28 சதுர மீட்டர். செல்லை வழவழப்பான உருண்டை என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பரப்பு 31,400 சதுர மீட்டர். மணிக்கு 100 பொதி போனாலே பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகவே சற்றுத் தள்ளி, கிளாத்ரின் என்ற மூங்கில் கூடை போன்ற புரதம் சவ்வைக் குழித்து உள்ளே இழுக்கிறது. டைனமின் கழுத்தை நெரித்துத் துண்டிக்கிறது. கூடை கழன்ற குமிழிகளில் சில லைசோசோம் பக்கம் போகின்றன. மற்றவை கோல்கையின் கடைசிப் பைக்குத் திரும்பி, அடுத்த சரக்குக்கு உறையாகின்றன.